அரசர் போன அரண்மனையில் சிலைகள் குடியிருக்கின்றன!

ஊர் மக்கள் மறித்து நின்றார்கள், கலைக்கூடம் பிறந்தது

திருவையாற்றில் பஸ் ஏறித் தெற்கே போனால் ஐந்து ஆறுகளைத் தாண்ட வேண்டும். காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு. சுமார் 13 கிலோமீட்டர் தூரம். ஐந்தாவது ஆற்றைத் தாண்டியதும் தஞ்சாவூர் வந்துவிடும். கொஞ்ச தூரத்தில் தென்னை மரங்களுக்கு மேலே ஒரு கோபுரம் தலை நீட்டும். அது கோவில் கோபுரம் அல்ல. அரண்மனைக் கோபுரம்!

அந்த அரண்மனையில் இப்போது அரசர் ஆட்சி இல்லை. சேவகர் இல்லை. பல்லக்கு இல்லை. ஆனாலும் தர்பார் மண்டபம் காலியாக இல்லை. அங்கே சிவபெருமான் நிற்கிறார். பார்வதி நிற்கிறாள். பிரம்மா இருக்கிறார். பெரும்பாலும் சோழர் காலத்துச் சிலைகள். கல்லில் சில, செம்பில் பல.

இந்தச் சிலைகள் இங்கே வந்தது எப்படி? அரசர்கள் சேர்த்து வைத்துவிட்டுப் போனார்களா? இல்லை. அரசர் காலம் முடிந்து ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்துத்தான் இவை வந்தன. அதற்குக் காரணம் ஒரு தெரு ஜனங்களின் பிடிவாதம்.

பாட மறுத்த அரண்மனை

திருவையாற்றுக்காரர்களுக்கு இந்த அரண்மனையைப் பற்றி ஒரு கதை தெரியும். தியாகராஜ சுவாமிகள் திருவையாற்றில் வாழ்ந்த காலத்தில் தஞ்சையை ஆண்டவர் சரபோஜி மன்னர். சுவாமிகளின் பாட்டைக் கேட்க ஆசைப்பட்ட மன்னர், பொன்னும் பொருளும் கொடுத்து அழைத்தார் என்றும், சுவாமிகள் வர மறுத்துவிட்டார் என்றும் சொல்வார்கள்.

அந்தக் காலத்தில் அரண்மனைக்குள் போவது எளிதல்ல. அழைப்பு வேண்டும், அல்லது அதிகாரம் வேண்டும். இன்று அப்படி அல்ல. வயலில் நாற்று நடும் பெண்ணும் போகலாம். பள்ளிக்கூடத்துப் பையனும் போகலாம். ஒரு நுழைவுச் சீட்டு போதும். மன்னர் அமர்ந்த மண்டபத்தில் தாராளமாக நடக்கலாம்.

வெடித்த அந்தப்புரம்

அரண்மனையைக் கட்டத் தொடங்கியவர்கள் தஞ்சை நாயக்க மன்னர்கள். 16-ம் நூற்றாண்டில் சேவப்ப நாயக்கர் ஆட்சியைத் தொடங்கினார். அவருக்குப் பின் அச்சுதப்பர், ரகுநாதர், விஜயராகவர் என்று வரிசையாக ஆண்டார்கள்.

கடைசி நாயக்கரான விஜயராகவருக்குப் பெரும் சோதனை வந்தது. 1673-ம் ஆண்டு மதுரை நாயக்கரின் படை தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டது. தோல்வி நிச்சயம் என்று தெரிந்தது. எதிரி கையில் பெண்கள் சிக்கக் கூடாது என்று எண்ணி, அந்தப்புரத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்கச் சொல்லிவிட்டு, விஜயராகவர் போர்க்களம் சென்று மாண்டார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

அதற்குச் சில ஆண்டுகளில் மராத்தியர்கள் வந்தார்கள். சத்ரபதி சிவாஜியின் தம்பி ஏகோஜி தஞ்சையின் மன்னர் ஆனார். இருவருக்கும் தந்தை ஒருவர், தாயார் வேறு. நாயக்கர் கட்டிய அரண்மனையை மராத்தியர் விரிவாக்கினார்கள். அதனால்தான் இங்கே ஒரு பக்கம் நாயக்கர் தர்பார், இன்னொரு பக்கம் வண்ணச் சுதை வேலைப்பாடு மிகுந்த மராத்தியர் தர்பார் என்று இரண்டு கொலு மண்டபங்கள் இருக்கின்றன.

தூரத்திலிருந்தே தெரியும் கோபுரத்துக்கு ஆயுத கோபுரம் என்று பெயர். எட்டு அடுக்கு; ஏறத்தாழ 190 அடி உயரம். கோவில் கோபுரம் போலவே குறுகிக்கொண்டே மேலே போகும். ஆனால் உள்ளே இருந்தது கடவுள் அல்ல. கத்தியும் ஈட்டியும் துப்பாக்கியும்தான்.

கைகூப்பி நிற்கும் வெள்ளை மன்னர்

நாயக்கர் தர்பார் மண்டபத்துக்குள் நுழைந்தால், மேடை மேல் ஒரு வெண்பளிங்குச் சிலை நிற்கிறது. தலையில் கூரான தலைப்பாகை. கைகள் கூப்பியபடி இருக்கின்றன. அவர்தான் இரண்டாம் சரபோஜி. 1798 முதல் 1832 வரை தஞ்சையின் மன்னராக இருந்தவர்.

இந்தச் சிலையைச் செய்தவர் லண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன். அந்த நாளில் இங்கிலாந்தில் பேர் பெற்ற சிற்பி அவர். அவர் தஞ்சைக்கு வந்ததில்லை. சரபோஜி லண்டனுக்குப் போனதில்லை. நேரில் பாராமலே செய்த சிலை, கப்பலேறித் தஞ்சைக்கு வந்து சேர்ந்தது!

சரபோஜி படிப்பில் ஆசை மிக்கவர். சிறு வயதில் அவருக்கு ஆசிரியராகவும் காவலாகவும் இருந்தவர் சுவார்ட்ஸ் என்ற ஜெர்மன் பாதிரியார். 1798-ல் பாதிரியார் இறந்தார். அவர் நினைவாக ஒரு பளிங்குச் சிற்பம் செய்யும்படி மன்னர் அதே பிளாக்ஸ்மனிடம் சொன்னார். சாகக் கிடக்கும் குருவின் கையை மன்னர் பிடித்துக்கொண்டிருப்பது போன்ற சிற்பம் அது. பெரிய கோவிலுக்குப் பக்கத்தில், சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய சுவார்ட்ஸ் தேவாலயத்தில் அது இருக்கிறது.

தம் காலத்துச் சிற்பி ஒருவரிடம் புதிதாகச் சிலை செய்யச் சொல்லி, பழைய அரண்மனைக்குள் வைத்தார் சரபோஜி. மேல்நாடுகளில் பழைய கோட்டைகளிலும் மாளிகைத் தோட்டங்களிலும் இக்காலச் சிற்பங்களை வைத்து ஜனங்களுக்குத் திறந்துவிடும் வழக்கம் உண்டு. நம் நாட்டிலும் 2017-ல் ஜெய்ப்பூரின் நாகர்கட் கோட்டை மாளிகையில் அப்படி ஒரு சிற்பப் பூங்காவைத் திறந்தார்கள். தஞ்சையில் இரு நூறு ஆண்டுகளுக்கு முன்பே அதற்கு ஒரு பிள்ளையார் சுழி விழுந்துவிட்டது என்று சொன்னால் மிகை அல்ல.

வாரிசு இல்லை, பூட்டு விழுந்தது

சரபோஜியின் மகன் சிவாஜி 1855-ல் காலமானார். அவருக்கு ஆண் வாரிசு இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியார் உடனே வந்தார்கள். தஞ்சை ராஜ்யம் முடிந்துவிட்டது என்றார்கள். அரண்மனையையும் அதில் இருந்த சொத்துக்களையும் கைப்பற்றிக்கொண்டார்கள்.

மறைந்த மன்னரின் மூத்த ராணி காமாட்சி பாய் சும்மா இருக்கவில்லை. கம்பெனி மேல் வழக்குப் போட்டார். அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1859-ல் தீர்ப்பு வந்தது. ஓர் அரசாங்கம் தன் அதிகாரத்தால் செய்த காரியத்தைக் கோர்ட்டு விசாரிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ராணியின் வழக்குத் தோற்றது. ஆனால் அவர் எழுப்பிய குரல் வீண் போகவில்லை. 1862-ல் அரசாங்கமே சொத்துக்களை ராஜ குடும்பத்துக்குத் திருப்பிக் கொடுத்தது.

சொத்து திரும்பியது, ராஜ்யம் திரும்பவில்லை. அவ்வளவு பெரிய அரண்மனையைக் கட்டிக் காப்பது யாரால் முடியும்? சுவரில் செடி முளைத்தது. மண்டபங்களில் வௌவால் குடியேறியது. சரபோஜி ஆசையோடு சேர்த்த சரஸ்வதி மகால் நூலகம் மட்டும் 1918-ல் பொதுமக்கள் நூலகம் ஆனது.

மறித்து நின்ற கருந்தட்டாங்குடி

வருடம் 1951.

தஞ்சை ஜில்லாவில் வயல் வரப்பிலும் குளக்கரையிலும் சாலை ஓரத்திலும் பழைய கற்சிலைகள் கேட்பாரற்றுக் கிடந்தன. வங்காளத்தைச் சேர்ந்த ஒரு கலை ஆர்வலர் அவற்றைத் திரட்டிக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோக முயன்றார். கருந்தட்டாங்குடியில் ஒரு பிரம்மா சிலை இருந்தது. அதையும் எடுக்கப் போனார்கள்.

கருந்தட்டாங்குடிதான் இன்று கரந்தை என்று வழங்கும் ஊர். திருவையாற்று பஸ் அதன் வழியாகத்தான் தஞ்சைக்குள் நுழையும்.

ஜனங்கள் கூடிவிட்டார்கள். "எங்கள் ஊர்ச் சிலையை எங்கேயும் கொண்டு போகக் கூடாது" என்று எதிர்த்தார்கள். அந்தச் சிலைக்கு அன்று பூசை இல்லை, கோவிலும் இல்லை. ஆனாலும் அது தங்களுடையது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

விஷயம் கலெக்டரிடம் போயிற்று. அப்போது தஞ்சைக் கலெக்டர் டி. கே. பழனியப்பன். சிலையைப் பிற ஊருக்கு அனுப்ப ஜனங்கள் சம்மதிக்க மாட்டார்கள். சாலை ஓரத்திலேயே விட்டால் நாளைக்கு வேறொருவர் வருவார். ஆகவே கலெக்டர் மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தார். பாழடைந்துகொண்டிருந்த அரண்மனையில், நாயக்கர் தர்பார் மண்டபத்தில் சிலையைக் கொண்டுபோய் வைத்தார். பிறகு ஜில்லா முழுவதும் அனாதையாகக் கிடந்த சிலைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

அதுதான் தஞ்சைக் கலைக்கூடம். வீடில்லாத சிலைகளுக்கு வீடு கிடைத்தது. ஆள் இல்லாத அரண்மனைக்கு ஆளும் கிடைத்தது!

காளையைக் காணோம்

கலைக்கூடத்தின் செப்புச் சிலைகளில் பலர் மனத்தையும் கவர்வது ரிஷபவாகன தேவர். ஏறத்தாழ மூன்றரை அடி உயரம். ஒரு காலை ஊன்றி, மறு காலை அதன் குறுக்கே மடித்து, ஒயிலாக நிற்கிறார் சிவபெருமான். சடையைத் தலைப்பாகை போலச் சுற்றிக் கட்டியிருக்கிறார். வலது கையைத் தளர்த்தி எதன் மேலோ சாய்த்து வைத்திருக்கிறார். எதன் மேல்? காளையின் மேல். ஆனால் காளையைக் காணோம்! அது கிடைக்கவே இல்லை. இல்லாத காளையின் மேல் சாய்ந்த கை மட்டும் அப்படியே இருக்கிறது. பார்ப்பவர் கண்ணுக்குக் காளையும் தெரிகிறது. அதுதான் சிற்பியின் சாமர்த்தியம்.

இந்தச் சிலை பூம்புகாருக்குப் பக்கத்தில் உள்ள திருவெண்காட்டில் மண்ணுக்கு அடியில் கிடைத்தது. அந்தக் கோவில் கல்வெட்டின்படி இதன் காலம் 1011. ராஜராஜ சோழன் பெரிய கோவிலைக் கட்டி முடித்த மறு ஆண்டு. அடுத்த வருடம், 1012-ல், பக்கத்தில் நிற்கும் தேவியின் சிலையைச் செய்திருக்கிறார்கள்.

திருவெண்காட்டிலிருந்து வந்த இன்னொரு அற்புதம் கல்யாணசுந்தரர். சிவனுக்கும் பார்வதிக்கும் திருமணம். மாப்பிள்ளை மணப்பெண்ணின் கையைப் பிடித்திருக்கிறார். பெண் தலையைக் கொஞ்சம் சாய்த்து நாணி நிற்கிறாள். தாரை வார்க்க மகாவிஷ்ணு பக்கத்தில் நிற்கிறார். நம் வீட்டுக் கல்யாணத்தில் பார்க்கும் அதே காட்சி!

கற்சிலைகளில் தாராசுரம் கோவிலிலிருந்து வந்த கஜசம்ஹார மூர்த்தியை விடாமல் பார்க்க வேண்டும். யானையை வென்று அதன் தோலை விரித்துப் பிடித்து ஆடுகிறார் சிவன். அந்த உக்கிரத்தைக் கண்டு பார்வதி அஞ்சி ஒதுங்குகிறாள். ஒரே கல்லில் கோபமும் இருக்கிறது, அச்சமும் இருக்கிறது.

மண்ணுக்குள் போனது ஏன்?

தெய்வத் திருமேனிகளை மண்ணில் புதைப்பார்களா? புதைத்தார்கள். காப்பாற்றுவதற்காகப் புதைத்தார்கள். படையெடுப்பு வரும்போது, கொள்ளை போகாமல் இருக்கக் கோவில் பணியாளர்கள் இரவோடு இரவாகக் குழி வெட்டி மறைத்து வைத்தார்கள். இடம் தெரிந்தவர்கள் காலப்போக்கில் மறைந்தார்கள். சிலைகள் மட்டும் பல நூறு ஆண்டு மண்ணில் உறங்கின. கிணறு வெட்டும்போதும், வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதும், ஏர் உழும்போதும் அவை ஒவ்வொன்றாக வெளிவருகின்றன.

செப்புச் சிலைகளின் பீடத்தைக் கூர்ந்து பார்த்தால் துளைகள் தெரியும். கம்பு செருகித் தோளில் தூக்குவதற்காக வைத்தவை அவை. மூலவர் கர்ப்பக்கிரகத்தை விட்டு வர மாட்டார். கோவிலுக்குள் வர முடியாத நோயாளிக்கும் கிழவிக்கும் தரிசனம் கொடுக்க வீதிக்கு வருபவர் இந்த உற்சவர். வீதி சுற்ற வேண்டிய தெய்வம் இன்று கலைக்கூடத்தில் நிற்கிறதே என்று சில பக்தர்கள் வருந்துவது உண்டு. அந்த வருத்தம் நியாயமானதே. ஆனால் கலைக்கூடத்துக்கு வராத சில சிலைகளின் கதையையும் கேட்க வேண்டும்.

அதே வருடம், வேறு கதி

கருந்தட்டாங்குடி மக்கள் மறித்து நின்ற அதே 1951-ம் ஆண்டில், கும்பகோணம் அருகே சிவபுரத்தில் ஒரு விவசாயியின் நிலத்தில் அழகான நடராஜர் சிலை கிடைத்தது. அதைக் கோவிலிலேயே வைத்தார்கள். 1954-ல் பழுது பார்க்க வெளியே அனுப்பினார்கள். சிலை திரும்பி வந்தது. தீபாராதனை நடந்தது. ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஆனால் திரும்பி வந்தது பழைய நடராஜர் அல்ல. புதிதாகச் செய்த போலி!

1965-ல் ஓர் ஆங்கிலேய அறிஞர் தம் நூலில் இதைச் சுட்டிக் காட்டினார். அதன் பிறகே உண்மை வெளியாயிற்று. அசல் சிலை பம்பாய் போய், கடல் கடந்து, 1973-ல் அமெரிக்காவில் நார்ட்டன் சைமன் என்ற கோடீசுவரரின் நிறுவனத்திடம் இருந்தது. இந்திய அரசாங்கம் வழக்குப் போட்டது. 1986-ல்தான் நடராஜர் நாடு திரும்பினார்.

பத்தூர் நடராஜர் 1976-ல் மண்ணிலிருந்து வெளிவந்து, லண்டன் வரை போய், வழக்கில் வென்று 1991-ல் திரும்பினார். அரியலூர் அருகே ஸ்ரீபுரந்தான் கோவிலில் இருந்து களவு போன நடராஜர் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்துக்குப் போய், 2014-ல் திரும்பினார்.

இந்தச் சிலைகளுக்கும் அரண்மனையில் உள்ள பிரம்மாவுக்கும் என்ன வித்தியாசம்? பிரம்மா வண்டியேறும் முன்பே ஊரார் பார்த்துவிட்டார்கள். அவ்வளவுதான். பார்த்துக்கொண்டே இருக்கும் கண்ணை விடப் பெரிய பூட்டு எதுவும் இல்லை.

குழந்தைகளுக்கு ஒரு திமிங்கலம்

குடும்பத்தோடு போகிறவர்கள் ஆயுத கோபுரத்தையும் பார்க்க வேண்டும். அங்கே குழந்தைகள் வாய் பிளந்து பார்க்கும் ஒரு பொருள் உண்டு. 1955-ல் தரங்கம்பாடிக் கடற்கரையில் ஒரு திமிங்கலம் ஒதுங்கியது. நீளம் 92 அடி. அதன் எலும்புக்கூடு இங்கே இருக்கிறது. அரசரின் ஆயுதம் இருந்த இடத்தில் கடலின் ராட்சசன்!

காவிரி மண் இன்னும் பேசுகிறது

இந்தச் சிலைகளைப் பார்த்துவிட்டு, "அந்தக் காலத்துக் கை வேலை இனி வருமா?" என்று பெருமூச்சு விடுவார்கள் பலர். பெருமூச்சு வேண்டாம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சுவாமிமலைக்குப் போனால் போதும். அங்கே ஸ்தபதிகள் இன்றும் அதே முறையில்தான் சிலை வார்க்கிறார்கள்.

முதலில் ஓர் ஓலைத் துண்டைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து அளவு எடுக்கிறார்கள். முகம் இவ்வளவு, கழுத்து இவ்வளவு என்று சாஸ்திரம் சொல்லும் கணக்கு அந்த ஓலையில் அடங்கிவிடும். பிறகு தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து மெழுகில் சிலை செய்கிறார்கள். அதன் மேல் காவிரி வண்டலை மெல்லியதாகப் பூசுகிறார்கள். நிழலில் காய வைத்து, மேலும் மேலும் மண் பூசிக் கம்பி கட்டுகிறார்கள். அதைச் சுட்டால் மெழுகு உருகித் துவாரம் வழியாக ஓடிவிடும். உள்ளே சிலையின் வடிவத்தில் வெற்றிடம் நிற்கும். அதில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண்ணை உடைத்தால் சிலை!

அச்சு உடைந்து போவதால் ஓர் அச்சில் ஒரே சிலைதான். அச்சு அசலாக அதே போல் இன்னொன்று வராது. அந்த வண்டலின் நயம்தான் கண் இமையையும் விரல் நகத்தையும் பிசகாமல் காட்டுகிறது என்கிறார்கள் ஸ்தபதிகள்.

2023-ல் டில்லியில் உலகத் தலைவர்களின் ஜி-20 மாநாடு நடந்தது. மாநாட்டு மண்டபத்தின் முன்னே ஒரு நடராஜர் நின்றார். 27 அடி உயரம். 18 டன் எடை. அவரை வார்த்தவர்கள் சுவாமிமலை ஸ்தபதிகள்!

நமக்கு என்ன வேலை?

மண்ணைத் தோண்டும்போது சிலையோ பழம்பொருளோ கிடைத்தால் மறைக்கக் கூடாது. பத்து ரூபாய்க்கு மேல் பெறும் புதையல் எதுவானாலும் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. நூறாண்டுக்கு மேற்பட்ட சிலையை வெளிநாட்டுக்குத் தனியார் கொண்டுபோவதை 1972-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

சட்டம் காகிதத்தில் இருக்கிறது. சிலை ஊரில் இருக்கிறது. நம் ஊர்க் கோவிலில் எத்தனை திருமேனிகள் இருக்கின்றன, அவற்றின் பெயர் என்ன என்று பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பெயர் தெரிந்த பொருளைத்தான் காணாமல் போனால் தேட முடியும்.

கருந்தட்டாங்குடி மக்கள் அன்று கலை நூல் எதுவும் படித்துவிட்டு வந்து நிற்கவில்லை. "இது எங்களுடையது" என்றார்கள், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையால் பிரம்மா கல்கத்தா போகவில்லை. தஞ்சை அரண்மனையில், வருகிறவர் போகிறவரை எல்லாம் பார்த்தபடி இருக்கிறார்.